நீலக்கொக்கின் கழிவுநீர்

எங்கள் நகராட்சியில் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்காத ஒரே ஆள் நான்தான். மேயரிடம் வாங்கினார்கள், செயலாளரிடம் வாங்கினார்கள், வக்கீலிடம் வாங்கினார்கள், நிலம் அளக்கப் போனவனிடம்கூட வாங்கினார்கள். சாக்கடைக்காரியிடம் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாக்கடையை யார் நினைக்கிறார்கள்? பொத்தானை அமுக்கினால் போய்விடுகிறது, அத்தோடு சரி.

என் பெயர் நடீன் ரப்பல். கார்வர்ஸ் மில் ஊரின் கழிவுநீர் நிலையத்தைப் பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன். மிச்சிகன் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறோம். பதினோரு மைல் ஓட்டினால் மாநில எல்லை, அந்தப் பக்கம் இந்தியானா, அங்கே ஆர்டன் என்று ஓர் ஊர். ஆர்டனில் என் தம்பி லைல் இருக்கிறான். வெள்ளரிக்காய் ஊறுகாய் ஆலையில் இருபத்தொன்பது வருடம். வெளியே வரிசையாக நிற்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளுக்கு அவன்தான் மேஸ்திரி.

பிப்ரவரியில் ஒரு காலை பிளேக் வந்தான். மாவட்ட வளர்ச்சி அலுவலகத்து ஆள், முப்பது வயதிருக்கும், பளபளவென்று காலணி. என் நிலையத்துக்குப் பளபளக்கும் காலணியோடு வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"மேடம், இவ்வளவு தண்ணி கூடுதலா வந்தா உங்க நிலையம் தாங்குமா? சும்மா ஒரு கணக்குக்குத்தான்" என்று ஒரு தாளை நீட்டினான்.

"யாரோட தண்ணி?"

"நீலக்கொக்குத் திட்டத்தோடது."

"ஒரு கொக்கு இவ்வளவு போகாதே தம்பி."

அவன் சிரிக்கவில்லை. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போதே சிரிக்காதவனாகப் பார்த்து எடுப்பார்கள் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். எந்தக் கம்பெனி வந்தாலும், எல்லாக் கையெழுத்தும் ஆகிற வரைக்கும் ஒரு புனைபெயரில்தான் வரும். போன தடவை வந்தது 'வால்நட்'. ஒன்றரை வருடம் பேசி, எங்களிடம் சலுகைக்கு மேல் சலுகை கேட்டு, கடைசியில் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. அது என்ன கம்பெனி என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. போனது யாரென்று தெரியாமலே நாங்கள் ஒரு வாரம் வருத்தப்பட்டோம்.

இந்தக் கொக்குக்கு ஊர் கொடுக்கப்போவது என்னவென்று மட்டும் செய்தித்தாளில் வந்திருந்தது. பன்னிரண்டு வருடத்துக்குச் சொத்துவரியில் பாதி தள்ளுபடி. ரயில்பாதை ஓரமாகப் பதினாலு ஏக்கர், ஒரே ஒரு டாலருக்கு. கழிவுநீர்க் குழாய் நீட்டிப்பு, அதோடு என் நிலையத்துக்குப் புதிதாக ஒரு காற்றேற்றும் தொட்டி. பதிலுக்குக் கொக்கு தருவது எண்பத்தைந்து புதிய வேலைகள்.

அந்தத் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக அதற்காக நான் நகராட்சியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். பழைய தொட்டி ஒவ்வொரு மழைக்கும் நிரம்பி வழிய, நடுராத்திரி என்றும் பார்க்காமல் ஓடியிருக்கிறேன். இப்போது அது இலவசமாக வருகிறது. அதனால் நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி இல்லை. வேண்டுமென்றே எதையும் தோண்டவும் போகவில்லை. தாளைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

தாளில் இருந்தது இது. சாதாரண நாளில் ஒன்றரை லட்சம் கேலன் தண்ணீர். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் அதைப்போல் இரண்டு மடங்கு. உப்பு, மிக அதிகம். புளிப்பு, மிக அதிகம். நிறம், மஞ்சள்.

தண்ணீரைச் சுத்தம் செய்வது இயந்திரம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இயந்திரம் காற்றடிக்கும். அழுக்கைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், எங்கள் தொழிலில் அவற்றைப் பூச்சிகள் என்போம். பூச்சிகளுக்கு உப்பு ஆகாது. ஒரே நாளில் மொத்தக் குடும்பமும் செத்து மிதக்கும். அதனால் என்ன உப்பு, எங்கிருந்து வருகிற உப்பு என்று தெரிந்துகொள்ளாமல் நான் கையெழுத்துப் போட முடியாது. அது என் வேலை. அதற்கு மேல், உண்மையைச் சொன்னால், எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. மூன்று நாள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

தக்காளி டப்பாவில் அடைக்கிற கம்பெனியோ? பருவம் பொருந்துகிறது, உப்பு பொருந்தவில்லை. தோல் பதனிடுகிறவர்களோ? உப்பு உண்டு, ஆனால் தோலுக்கு ஏது ஜூலையும் ஆகஸ்டும்? பாலாடைக்கட்டியோ? புளிப்பு சரி, ஆனால் அந்தத் தண்ணீர் வெளிறிப்போய் இருக்கும். மஞ்சள்தான் என்னைப் படுத்தி எடுத்தது.

நாலாம் நாள் மதியம் என் ரொட்டிச் சாண்ட்விச்சைப் பிரித்தேன். ஓரத்தில் இரண்டு வில்லை ஊறுகாய் வைத்திருந்தேன். சுற்றியிருந்த மெழுகுத்தாளில் வட்டமாக ஒரு மஞ்சள் கறை. எழுந்து போய்க் குளிர்பெட்டியில் இருந்த ஜாடியை எடுத்து, பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன். வெள்ளரிக்காய், தண்ணீர், வினிகர், உப்பு, மஞ்சள்தூள். வெள்ளரிக்காய் அறுவடை எப்போது? ஜூலை முதல் செப்டம்பர் வரை.

"அட, பிடிச்சுட்டேன்!" என்று ஆளில்லாத அறையில் கத்தினேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். பிறகு ஜாடியைத் திருப்பி முன்பக்கம் பார்த்தேன். அது லைல் கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்து கொடுத்த ஜாடி. சுற்றுவட்டாரத்தில் நூறு மைலுக்குள் வேறு ஊறுகாய் ஆலையே கிடையாது. அப்படியென்றால் அவன் ஆலைதான் அங்கே மூடிவிட்டு இங்கே வரப்போகிறது.

ஆர்டன் ஆலையில் நூற்று நாற்பது பேர். கொக்கு எங்களுக்குத் தருவது எண்பத்தைந்து. கழித்துப் பார்க்க நான் கால்குலேட்டரைத் தேடவில்லை.

லைலுக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு முழங்காலில் இரும்பு. சர்க்கரை வியாதி, தினமும் இரண்டு ஊசி. அந்த ஊசிக்குப் பணம் கட்டுவது ஆலையின் மருத்துவக் காப்பீடு. வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் ஊசி போகும். ஐம்பத்தேழு வயது நொண்டிக்கு எவன் வேலை தருவான்? இதுதான் அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடியது. தொட்டியாவது மண்ணாங்கட்டியாவது.

அவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வீட்டில்தான் சாப்பிடுவான். அந்த ஞாயிறு இறைச்சி வறுத்திருந்தேன். மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஆலையில ஏதாவது பேசிக்கிறாங்களாடா?"

"என்ன பேசுவாங்க? வெள்ளரிக்கா விலை ஏறிப்போச்சுன்னு பேசுவாங்க."

"வேற?"

"வேறன்னா? உனக்கு என்னக்கா ஆச்சு இன்னிக்கு? உருளைக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளு."

"ஆகஸ்ட்ல உங்க கழிவுத்தண்ணி மஞ்சளா போகுமா?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "சாப்பிடுற நேரத்துல சாக்கடைப் பேச்சு வேண்டாம்னு இருபது வருஷமா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, டயர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். டயரைப் பற்றி அரைமணி நேரம். ஆப்பிள் பை வேண்டாம் என்று எழுந்துவிட்டான். பாவம், ஒன்றும் தெரியாமல் இருக்கிறான், உறுதியாகத் தெரியும்முன் சொல்லி அவன் சர்க்கரையை ஏற்ற வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

உறுதி செய்துகொள்ள ஒரே வழி மனுப் போடுவது. அரசாங்கத் தாள் எதையும் கேட்டு வாங்க எங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. நீலக்கொக்குத் திட்டம் சம்பந்தமான எல்லாத் தாளும் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். பிரதி எடுக்க நாற்பத்தாறு டாலர் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். மூன்று வாரம் கழித்து முப்பத்தோரு பக்கம் வந்தது. எல்லாம் கறுப்பு. வரிக்கு வரி கறுப்பு மை. ஒரு பக்கத்தில் 'மற்றும்' என்ற சொல் மட்டும் தப்பித்திருந்தது. இருபத்தேழாம் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அது நான் எழுதிய பக்கம், ஓரத்தில் என் காபிக் கறை அப்படியே பிரதியில் விழுந்திருந்தது. என் நிலையம் எவ்வளவு உப்புத் தாங்கும் என்று பிப்ரவரியிலேயே பிளேக்குக்கு என் கையால் எழுதிக் கொடுத்த கணக்கு. அதை எனக்கே கறுப்படித்து, என்னிடமே காசு வாங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

நேரே மேயரின் கடைக்குப் போனேன். எங்கள் மேயர் ரஸ்ஸல் பீட்டன் ஆணி, பெயின்ட், புல்வெட்டும் இயந்திரம் விற்கிறவர். தாளை அவர் கல்லாமேல் போட்டேன்.

"ரஸ்ஸல், இது நான் எழுதின கணக்கு. இதை எதுக்கு என்கிட்டயே மறைக்கிறீங்க?"

"நடீன், கொஞ்சம் மெதுவா. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னுதான் கையெழுத்தே."

"சரி, மன்றத்துல மத்த ஆறு பேருக்காவது பேர் தெரியுமா?"

அவர் ஒரு பெயின்ட் டப்பாவைத் திருப்பி வைத்தார். "ஓட்டுப் போட்டதுக்கப்புறம் சொல்லுவோம்."

"அப்ப பேர் தெரியாமத்தான் ஓட்டா? உங்க கடையில ஒரு சுத்தியல் கடனாக் கேட்டா மூணு தலைமுறை விசாரிப்பீங்க!"

"ஊருக்கு எண்பத்தஞ்சு வேலை நடீன்! பேர் வெளிய வந்தா அவங்க வேற ஊருக்குப் போயிடுவாங்க. வால்நட் போன மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்குத் தொட்டி வருது. வாங்கிக்கிட்டு சும்மா இரேன். நீயும் நகராட்சிச் சம்பளம் வாங்குற ஆளு" என்றார். ரஸ்ஸல் கெட்டவர் இல்லை. கடைத்தெருவில் பாதிக் கடை மூடிக் கிடக்கிறது, தினமும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறவர். ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏப்ரல் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, சலுகைகளைக் கொடுப்பதா வேண்டாமா என்று மன்றத்தில் ஓட்டெடுப்பு. முதல் நாள் சாயங்காலம் லைலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உப்பு, மஞ்சள், எண்பத்தைந்து, நூற்று நாற்பது, எல்லாம்.

"லைல்? இருக்கியா?"

"இருக்கேன்."

"பயப்படாத. நாளைக்குக் கூட்டத்துல எழுந்து கேக்கப்போறேன். எல்லார் முன்னாடியும் கேட்டா மறைக்க முடியாது. உன் வேலை எங்கயும் போகாது."

"நீ பேசாதக்கா." அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "வேண்டாம். உன் வேலை போயிடும்."

"போனாப் போகுது. எனக்கு ஊசி கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை ஆறு மணி, வெளியே நல்ல வெயில். நகராட்சிக் கூடத்தில் அறுபது எழுபது பேர். இவ்வளவு கூட்டம் இதற்குமுன் நாய் உரிமக் கட்டணத்தை ஏற்றியபோதுதான் வந்தது. பிளேக் திரையில் ஒரு நீலக்கொக்கின் படம் போட்டான். எண்பத்தைந்து என்ற எண் அதன் காலடியில் பெரிதாக இருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். பிறகு பொதுமக்கள் பேசும் நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். எங்கள் வழக்கப்படி முதலில் ஒலிவாங்கிமுன் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும், அது பதிவேட்டில் ஏறும்.

"நடீன் ரப்பல், பதினேழு, ஆலைத் தெரு. உங்க சாக்கடையைப் பாத்துக்கிறவ." கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. "இந்தக் கொக்கு யாருன்னு எனக்குச் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஆனா அது என்ன குடிக்குது, என்ன போகுதுன்னு என்கிட்ட எழுதிக் குடுத்துட்டாங்க. உப்பு. வினிகர். மஞ்சள். வெள்ளரிக்கா சீசன்ல ரெண்டு பங்கு. இதைப் பாத்தா உங்க யாருக்காவது கொக்கு ஞாபகம் வருதா?"

கூடத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. முன்வரிசையில் யாரோ, "ஆர்டன்!" என்றார்கள்.

"எனக்கு ஒரே கேள்விதான். இந்த எண்பத்தஞ்சு வேலை புது வேலையா? இல்ல, பதினோரு மைல் தள்ளி நூத்தி நாப்பது பேர் இப்பப் பாத்துக்கிட்டிருக்கிற வேலையில எண்பத்தஞ்சைப் பிச்சு எடுத்து, நம்ம வரிப்பணத்துல விலை குடுத்து வாங்குறோமா?"

பிளேக் எழுந்தான். "இதை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது." மனப்பாடம் செய்து வந்ததுபோல் சொன்னான். மருந்துக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் மார்சி, "எனக்காவது சொல்லுங்களேன், நான்தானே ஓட்டுப் போடணும்?" என்று கேட்டார். அவன் மறுபடி அதையே சொன்னான். ரஸ்ஸல் சுத்தியலால் மேசையைத் தட்டி, "உங்க மூணு நிமிஷம் முடிஞ்சுது நடீன். வேற யாரும் இல்லேன்னா ஓட்டுக்குப் போகலாம்" என்றார்.

என்னிடம் அதற்குமேல் ஒன்றும் இல்லை. சாக்கடைக் கணக்கை வைத்து ஒரு பெண்பிள்ளை ஊகம் செய்கிறாள், அவ்வளவுதான். பதிவேட்டில் அப்படித்தான் ஏறும். என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லைல் நொண்டி நொண்டி நடந்து வந்தான். அவன் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. எதிர்த்துப் பேச வருகிறான், என் தம்பி எனக்குத் துணைக்கு வருகிறான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"உள்ளூர்க்காரங்க மட்டும்தான் பேசலாம்" என்றார் ரஸ்ஸல்.

"பேச வரல. பேரும் முகவரியும் மட்டும் சொல்லிட்டுப் போறேன்."

"விடுங்க ரஸ்ஸல், சொல்லட்டும்" என்றார் மார்சி.

லைல் ஒலிவாங்கியைப் பிடித்தான். "லைல் ரப்பல். நாநூத்தி எட்டு, கிடங்குச் சாலை, ஆர்டன், இந்தியானா. ஆர்டன் ஊறுகாய் ஆலையில தொட்டி மேஸ்திரி." ஒரு மூச்சு எடுத்தான். "வெளிய சொல்லக் கூடாதுன்னு ஜனவரி எட்டாம் தேதி நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த எண்பத்தஞ்சுல நானும் ஒருத்தன்."

பிளேக்கின் முகம் வெளுத்தது. லைல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

அதற்கப்புறம் நடந்ததைப் பத்திரிகையில் படித்துக்கொள்ளலாம். மார்சி, பெயர் எழுத்தில் வராமல் ஓட்டுப் போட மாட்டேன் என்றார், இன்னும் மூன்று பேர் அவரோடு சேர்ந்தார்கள், ஓட்டெடுப்பு தள்ளிப்போனது. பாதியில் நான் எழுந்து வெளியே ஓடினேன். ஜனவரியா? ஜனவரியிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை!

அவன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். சாவி அவன் மடியில் கிடந்தது. நான் இந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறினேன்.

"என் வீட்டு மேசையில உக்காந்து டயர் விலை பேசினியேடா!"

"ஆமா."

"என்கிட்டயே?"

"சொன்னா வேலை இல்லைன்னு எழுதியிருந்தாங்க. காப்பீடும் இல்லைன்னு. படிச்சேன், போட்டுட்டேன். ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல." அவன் கண்ணாடி வழியே நகராட்சிக் கூடத்தைப் பார்த்தான். "இன்னிக்கு உன்னை நிறுத்தத்தான் வந்தேன். அஞ்சு மணிக்கே வந்துட்டேன். வண்டிய விட்டு இறங்க முடியல."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாருடைய வேலையைக் காப்பாற்ற நான் இத்தனை நாள் குதித்தேனோ, அவன் வேலை பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது, நான் எழுந்து பேசுகிற வரைக்கும்.

"இப்ப உன் வேலை?"

"போச்சு."

"ஊசி?"

"தெரியல."

"நான் கேள்வி கேட்டதோட முடிஞ்சுபோச்சு. யாரும் பதில் சொல்லல. நீ பேசாம உக்காந்திருக்கலாம். எதுக்குடா எழுந்த?"

"மேஸ்திரிங்கிறதால எடுக்காத ஆளுங்க பட்டியலையும் என்கிட்டதான் குடுத்தாங்க. அம்பத்தஞ்சு பேர். மூணு மாசமா தினமும் மத்தியானம் அவங்களோட உக்காந்துதான் சாப்பிடுறேன்கா. போன வாரம் ஒருத்தன் புது வீட்டுக்கு முன்பணம் கட்டிட்டேன்னு கேக் கொண்டுவந்து வெட்டினான். எனக்கும் ஒரு துண்டு குடுத்தான். தின்னேன்."

"யாரு?"

என்னைப் பார்த்தான். அந்தப் பெயரைச் சொன்னான். பிறகு நான் கேட்காமலே அடுத்த பெயரைச் சொன்னான். அதற்கடுத்தது. பாட்டில் கழுவும் இடத்தில் நிற்கும் அக்கா தங்கை இருவர். லாரியில் ஏற்றுகிற அப்பனும் மகனும். பட்டியல் அவன் கையில் இல்லை, எல்லாம் மனப்பாடம். வாழ்க்கையில் யாரையும் முழு வாக்கியம் பேசவிடாதவள் நான், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தெட்டாவது பெயர் வரைக்கும் சொன்னான். பிறகு மடியில் கிடந்த சாவியை எடுத்தான்.

"மீதிய நாளைக்குச் சொல்றேன்" என்றான்.